விண்மீன்களின் முடிவைக் கணித்த பேரறிஞர் சந்திரசேகர்

தை மாதத்து முன்னிரவில் காரைக்கால் கடற்கரையில் நின்று கிழக்கு நோக்குவார்க்குக் கடலின்மேல், சற்றே தெற்குச் சாய்வாக, ஒளி மிக்க விண்மீன் ஒன்று எழுந்து வருவது தெரியும். இரவு வானில் நாம் காணும் விண்மீன்கள் அனைத்தினும் ஒளியால் மிக்கது அதுவே. மேலை நாட்டார் அதனைச் சீரியஸ் என்பர். அரபு மொழியில் அதன் பெயர் அஷ்ஷிஃரா. திருக்குர்ஆனின் 53ஆம் அத்தியாயமாகிய அந்நஜ்மில், 49ஆம் வசனத்தில், பெயர் சுட்டப்பெறும் விண்மீனும் இதுவேயாகும். இக்கடற்கரையிலிருந்து கீழை நாடுகளுக்குப் பாய்மரம் விரித்த நம் முன்னோர், விண்மீன்களைக் கொண்டே வழி அறிந்தனர். கலஞ்செலுத்துவோனை நாம் மாலுமி என்கிறோம். ஆசிரியர் எனப் பொருள்படும் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லே தமிழில் மாலுமி ஆயிற்று என்பர் சொல்லாய்வாளர். தமிழ் கற்பிக்கும் நமக்கு இச்சொல்லின்மேல் தனி விருப்பம் உண்டு.

சீரியஸ் விண்மீனுக்குத் துணை ஒன்று உள்ளது. வெறுங்கண்ணுக்குப் புலனாகாத அத்துணை இருந்தே தீரவேண்டும் என 1844இல் பெசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் கணித்தார். 1862இல் அமெரிக்கரான ஆல்வன் கிளார்க் அதனைத் தொலைநோக்கியில் கண்டார். அதன் நிறை ஏறத்தாழ நம் சூரியனின் நிறை. பருமனோ நம் பூமியின் பருமனே. அதிலிருந்து ஒரு தீப்பெட்டி கொள்ளுமளவு பொருளை அள்ளினால் அது பல பத்து டன் எடை நிற்கும். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய இத்தகைய விண்மீன்களை வெண்குறு விண்மீன்கள் என்கின்றனர். எல்லா விண்மீன்களும் இறுதியில் இந்நிலையை எய்தி அடங்கிவிடும் என்றே 1930க்கு முன் அறிஞர் உலகம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையைக் கணக்கினால் தகர்த்தவர், அப்பொழுது 20 வயதுகூட நிரம்பாத தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

இயற்பியல் நம் துறையன்று. ஆயினும் 2015ஆம் ஆண்டு தொட்டு விண்வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கும் ஈர்ப்பலைகள் என்னும் புதுவகைச் செய்தியைப் பற்றி நம் மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், அச்செய்தியின் வேர் நம் மொழி பேசிய ஒரு வீட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லாதிருக்க இயலவில்லை.

பிறப்பும் கல்வியும்

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் இரயில்வேயின் கணக்குத் துறையில் உயர் அலுவலர். ஆதலின் குடும்பம் லாகூரிலும் அலகாபாத்திலும் வாழ்ந்து 1918இல் சென்னைக்கு வந்தது. தந்தையாரின் தம்பியே சர் சி. வி. இராமன். தாயார் சீதாலட்சுமி அம்மையார் பள்ளியில் நெடுங்காலம் பயின்றவரல்லர். எனினும் நார்வே நாட்டு இப்சன் எழுதிய பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழாக்கம் செய்தவர். சந்திரசேகரின் வரலாற்றை எழுதுவோர் சிற்றப்பனாரின் பெயரை முன்னிறுத்துவது வழக்கம். தாயாரின் பெயரையே முன்னிறுத்த வேண்டும் என்பது நம் கருத்து. ஏன் என்பது பின்னர் விளங்கும்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் மாநிலக் கல்லூரியிலும் அவர் பயின்றார். 1928இல் சென்னை வந்த ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டின் உரையைக் கேட்டு, அவரைச் சந்தித்து, புதிய இயற்பியல் தோன்றிவிட்டதை அறிந்துகொண்டார். மறு ஆண்டே அவரது கட்டுரை இலண்டன் இராயல் சங்க வெளியீட்டில் வந்தது. போட்டி ஒன்றில் வென்றபோது, பரிசாக அவர் விரும்பிப் பெற்ற நூல் ஆர்தர் எடிங்டன் விண்மீன்களின் உள்ளமைப்புப் பற்றி எழுதியது. அந்த எடிங்டனே பின்னாளில் அவர்முன் எழுந்து நிற்கப்போகிறார் என்பதை அன்று யார் அறிவார்!

இங்கிலாந்தில் பயில அரசின் உதவித்தொகை கிடைத்தபோது தாயார் கடும் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார். தமக்காக நிற்க வேண்டா, போய்ப் படி என்று வற்புறுத்தி அனுப்பியவர் அத்தாயாரே. 1931 மே மாதம் அவர் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். முகம் காணும் பேறு வாய்க்கவில்லை.

கப்பலில் ஒரு கணக்கு

1930 ஜூலை 31ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலம்; அரபிக்கடல் கொந்தளித்தது. உடல்நலிவு நீங்கியதும் மேல்தளத்து நாற்காலியில் அமர்ந்து, தாம் கொண்டுவந்த கணக்கைத் தொடர்ந்தார் சந்திரசேகர்.

வெண்குறு விண்மீனை அதன் சொந்த ஈர்ப்பு நசுக்கிவிடாமல் தாங்குவது எது? நெருக்கப்பட்ட எலக்ட்ரான்கள் ஓரளவுக்குமேல் ஒன்றையொன்று நெருங்க மறுப்பதால் எழும் எதிரழுத்தம் என்று 1926இல் ஆர். எச். ஃபவுலர் விளக்கியிருந்தார். விண்மீனின் நிறை கூடக்கூட உள்ளே நெருக்கம் கூடும். எலக்ட்ரான்களின் விரைவும் கூடும். அவ்விரைவு ஒளியின் விரைவை நெருங்குமே, அங்கே ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைக் கருத வேண்டாமா என்று கேட்டார் இவ்விளைஞர். கேட்டுக் கணக்கிட்டபோது வியத்தகு விடை வந்தது. விரைவுக்கு மேல்வரம்பு இருப்பதால் எதிரழுத்தம் வேண்டிய அளவு கூடவில்லை. ஒரு குறிப்பிட்ட நிறைக்குமேல் அத்தாங்கல் போதாது. விண்மீன் மேலும் மேலும் சுருங்கும். அவ்வெல்லை சூரிய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படுகிறது. 1931இல் வெளிவந்த முதற்கட்டுரையில் அவர் தந்த எண் 0.91, விண்மீனின் உட்பொருள் பற்றிய அறிவு தெளிந்தபின் எண் திருந்தியது. எல்லை ஒன்று உண்டு என்னும் முடிவு திருத்தம் பெறவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோனரும் உருசியாவின் லாந்தவும் அதே காலத்தில் இதனையொத்த எண்களைத் தனித்தே அடைந்தனர் என்பதையும் கூறிவிடுவதே நேர்மை. ஆனால் அதனை விண்மீன்களின் முழுக் கோட்பாடாக வளர்த்து, அதற்காக வசை தாங்கியவர் சந்திரசேகரே.

1935 ஜனவரி 11

கேம்பிரிட்ஜில் 1933இல் முனைவர் பட்டம் பெற்று, டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்வுபெற்ற சந்திரசேகர், 1934இன் இறுதியில் தம் கோட்பாட்டை நுணுகி முடித்தார். அம்மாதங்களில் எடிங்டன் அடிக்கடி அவரது அறைக்கு வந்து கணக்கு எவ்வளவு நடந்தது என்று கேட்டுச் செல்வார். கைக்கணிப்பொறி ஒன்று கிடைக்கவும் உதவினார். 1919இல் சூரிய கிரகணத்தைப் படம்பிடித்து ஐன்ஸ்டைனின் கொள்கையை உலகறிய நிறுவிய பெருமகனார் அவர். அத்தகையவர் தம் மேசைக்கு வந்து நலம் கேட்பது எந்த இளைஞனுக்கும் பெருமையன்றோ!

இலண்டனில் வானியல் சங்கக் கூட்டம் 1935 ஜனவரி 11ஆம் நாள் நடைபெற்றது. நிகழ்ச்சிநிரலில் தம் உரையை அடுத்து அதே பொருளில் எடிங்டன் பேச இருப்பதை முன்னாளில்தான் சந்திரசேகர் அறிந்தார். முன்னிரவு உணவின்போது கண்டும் எடிங்டன் செய்தியை வெளியிடவில்லை; இளைஞரின் உரைக்குக் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்திருப்பதை மட்டும் சொன்னார்.

சந்திரசேகர் பேசி அமர்ந்தார். எடிங்டன் எழுந்தார். இக்கணக்கின்படி நிறைமிக்க விண்மீன் சுருங்கிக்கொண்டே போய், ஒளியும் வெளியேற இயலாதபடி ஈர்ப்பு மிகும் நிலையை எய்த வேண்டும். அவ்வளவு பொருந்தாத ஒன்றை இயற்கை ஒருபோதும் அனுமதியாது. ஆகவே கணக்கின் அடிப்படையே பிழை என்றார். அவையில் நகைப்பொலி எழுந்தது. மறுமொழி கூற சந்திரசேகருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. அதே ஆண்டு பாரிசில் நடந்த அனைத்துலக மாநாட்டிலும் எடிங்டன் இதனையே கூறினார். அங்கும் இளைஞர் வாய் திறக்க இடம் தரப்படவில்லை. போர், பவுலி போன்ற இயற்பியல் மேதைகள் தனிமையில் சந்திரசேகரே சரி என்றனர். வெளிப்படையாக எழுத முன்வரவில்லை.

இதில் ஒரு வியப்பு உண்டு. கேலிக்காக எடிங்டன் வருணித்த ஒளி வெளிவராப் பொருளே இன்று கருந்துளை எனப்படுகிறது. தம் எதிரியின் முடிவை அவரைவிடத் தெளிவாகக் கண்டவர் எடிங்டன். கண்டதை ஏற்கத்தான் அவர் மனம் ஒப்பவில்லை.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இந்நிகழ்ச்சி படிக்குந்தோறும் உறுத்துகிறது. வாய்மொழித் தேர்வு அறையில், நாம் கற்றதற்கு மாறாக ஒரு மாணவர் சொன்னதை ஒரு சிரிப்பால் அடக்கிய பொழுதுகள் நமக்கும் உண்டு. அவர்களுள் யார் சரியாகச் சொன்னவர் என்பதை இனி அறியும் வழியும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் இப்னுல் ஹைதம், தாம் பெரிதும் மதித்த தாலமியின் நூல்களில் தமக்குத் தோன்றிய ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலாகவே எழுதினார். பெரியோரை மதிப்பதும் அவர் கூற்றை ஐயுறுவதும் ஒரே நெஞ்சில் அமையும் என்பதற்கு அவர் சான்று.

வாதாடி வெல்லாத வாழ்வு

சந்திரசேகர் செய்தது என்ன? வெளிப்படையாகப் பூசலிடவில்லை. 1936இல் சென்னை வந்து, மாநிலக் கல்லூரியில் உடன்பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். 1937 தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியேற்றார். 1939இல் தம் எல்லைக் கோட்பாட்டை முழுமையாக ஒரு நூலில் எழுதி வைத்துவிட்டு, அப்பொருளை விட்டே அகன்றார். பின்னர் விண்மீன் கூட்டங்களின் இயக்கம், ஒளிக்கதிர் கடத்தல், பாய்மங்களின் நிலைப்பு என ஒவ்வொரு துறையாக எடுத்து, பல ஆண்டுகள் உழைத்து, ஒரு பெருநூல் எழுதி முடித்து, அடுத்ததற்குச் செல்வது அவர் முறையாயிற்று. நிறத்தைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழக அலுவலர் ஒருவர் அவர் வகுப்பெடுப்பதைத் தடுக்க முயன்றபோது, தலைவர் ஹட்சின்ஸ் அத்தடையை நீக்கினார். 1957இல் நோபல் பரிசு பெற்ற லீ, யாங் என்னும் சீன அறிஞர் இருவரும் அவர் வகுப்பில் அமர்ந்தவர்களே. 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராக இருந்து அதனைத் துறையின் முதன்மை இதழாக்கினார். இறுதிவரை புலால் உண்ணாதவராகவே வாழ்ந்தார்.

எடிங்டனோடு அவருக்கு நட்பு முறியவில்லை. கடிதப் போக்குவரத்து நீடித்தது. 1944இல் எடிங்டன் மறைந்தபோது சிகாகோவில் நினைவுரை ஆற்றியவர் சந்திரசேகர். 1982இல் எடிங்டன் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் அவர் பெருமையைப் பேசியவரும் சந்திரசேகரே. அவ்வுரைகள் தனி நூலாகவும் வந்துள்ளன. இத்தகைய நெஞ்சுரம் எளிதில் வாய்ப்பதன்று. ஆயினும் அந்த ஒரு மாலையின் அச்சத்தால் கருந்துளை ஆய்வு பல பத்தாண்டுகள் பின்தங்கியது என்று வானியலார் சிலர் வருந்துவதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை.

தம்மை இறைமறுப்பாளர் என்றே சந்திரசேகர் கூறிக்கொண்டார். அவ்வகையில் அவரோடு நமக்கு உடன்பாடு இல்லை. அறிவு எவரிடமிருந்து வரினும் ஏற்றுக்கொள்வது நம் மரபாதலின் இதற்குமேல் அதனைப் பேச வேண்டா.

1960களில், ஐம்பது வயது கடந்தபின், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கையைப் புதிதாகக் கற்கும் மாணவரைப்போல் அவர் அணுகினார். நிறையுடைய பொருள்கள் சுழன்று இயங்கும்போது வெளியும் காலமும் அலையுற்று, அவ்வலைகள் ஒளியின் விரைவில் பரவும் என 1916இல் ஐன்ஸ்டைன் கூறியிருந்தார். பின்னர் அவரே ஐயுற்று, 1936இல் அத்தகைய அலைகள் இல்லை என எழுதவும் முற்பட்டுத் திருத்திக்கொண்டார். அலையை வெளியிடும் பொருள் அதனால் என்ன இழக்கிறது என்பதை எஸ்போசிட்டோ என்பவரோடு சேர்ந்து சந்திரசேகர் 1970இல் கணக்கிட்டார். அதே ஆண்டில் கர்நாடகத்தைச் சேர்ந்த சி. வி. விஷ்வேஷ்வரா, கலக்கப்பட்ட கருந்துளை மணியைப்போல் அதிர்ந்து அடங்கும் எனக் காட்டினார். 1975இல் ஸ்டீவன் டெட்வைலர் என்னும் இளைஞரோடு சேர்ந்து அவ்வதிர்வின் சுருதிகளைச் சந்திரசேகர் கணித்து வெளியிட்டார்.

கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் வெண்கலக் குடம் வாங்கும் நம் வீட்டுப் பெண்கள் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பர். எழும் ஓசையும் அது அடங்க எடுக்கும் நேரமும் குடத்தின் கனத்தையும் கீறலையும் சொல்லிவிடும். கருந்துளைக்கும் அவ்வாறே. அதன் சுருதியும் அடங்கும் நேரமும் அறியப்பட்டால் அதன் நிறையும் சுழற்சியும் வெளிப்படும். மின்னேற்றம் இல்லாத கருந்துளையைப்பற்றி அறியத்தக்கவை அவ்விரண்டே. இதயநோயோடு போராடிக்கொண்டே இவற்றையெல்லாம் தொகுத்து அவர் எழுதிய கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு என்னும் பெருநூல் 1983இல் வெளிவந்தது. அதே ஆண்டு, அவரது 73ஆம் பிறந்த நாளன்று, வில்லியம் ஃபவுலரோடு இணைத்து நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இவர் முன்னர்க் கூறிய ஃபவுலர் அல்லர். பாராட்டுரை இளமைக்காலப் பணியையே பெரிதும் சுட்டியது அவருக்கு உவப்பளிக்கவில்லை. 1995 ஆகஸ்ட் 21ஆம் நாள் சிகாகோவில் அவர் காலமானார்.

அலைகள் சொன்னவை

அவர் மறைந்து 20 ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவில் ஒன்றற்கொன்று 3,000 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த லைகோ நிலையங்கள் இரண்டும் ஓர் அலையை உணர்ந்தன. 4 கிலோமீட்டர் நீளக் குழாய்களில் ஒளியை ஓடவிட்டு நீள வேறுபாட்டை அளக்கும் கருவிகள் அவை. அன்று ஏற்பட்ட வேறுபாடு ஒரு புரோட்டானின் குறுக்களவில் சில நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. அலை நீடித்தது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் அதன் சுருதி விரைந்து ஏறி, உச்சம் தொட்டு, அடங்கியது. சுருதி ஏறிய வேகம் மோதியவற்றின் நிறைகளைக் காட்டியது: சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்குமான இரு கருந்துளைகள். ஒன்றியபின் எஞ்சியது 62 மடங்கு. குறைந்த 3 சூரிய நிறையும் அலையாகவே வெளியேறிற்று. இது நிகழ்ந்தது சுமார் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில். அவ்வளவு நிறை கொண்ட கருந்துளை இணைகள் உண்டு என்பதே அன்றுவரை எவருக்கும் உறுதியாகத் தெரியாது. இப்பணிக்காக 2017இல் நோபல் பெற்ற மூவருள் கிப் தார்ன், சந்திரசேகரோடு நெருங்கிப் பழகியவர்.

2025 ஜனவரி 14இல் வந்த அலை அதனினும் தெளிவானது. மோதலுக்குமுன் இரு கருந்துளைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,40,000 சதுர கிலோமீட்டர். மோதியபின் ஒன்றாகியதன் பரப்பு ஏறத்தாழ 4,00,000. கருந்துளையின் பரப்பு குறையாது என்று 1971இல் ஹாக்கிங் கூறியது இங்ஙனம் மெய்ப்பட்டது. அடங்கும் ஓசையில் ஒன்றன்று, இரு சுருதிகள் பிரித்தறியப்பட்டன. அவை சுழலும் கருந்துளைக்கு உரிய கணக்கோடு பொருந்தின. இதுவரை இத்தகைய மோதல்கள் 200க்கும் மேலாக அறியப்பட்டுள்ளன.

நியூட்ரான் விண்மீன்களின் செய்தியோ சந்திரசேகரின் எண்ணுக்கு இன்னும் நெருக்கமானது. பெரிய விண்மீன் ஒன்றின் இரும்பு உட்கரு அந்த 1.4 என்னும் எல்லையை எட்டியதும் தாங்கவியலாது இடிந்து, 20 கிலோமீட்டர் போலக் குறுக்களவுள்ள உருண்டையாகிறது. அதனாலேயே அவற்றுட் பலவற்றின் நிறை அவ்வெண்ணைச் சுற்றியே அமைகிறது. 1974இல் ஹல்ஸ், டெய்லர் இருவரும் கண்ட இணையில் நிறைகள் 1.44, 1.39. அவை ஒன்றையொன்று நெருங்கிவரும் வேகம் ஈர்ப்பலைகளால் இழக்கும் ஆற்றலோடு பொருந்தியது. அதற்கு 1993இல் நோபல் கிடைத்ததைச் சந்திரசேகர் கண்டுவிட்டே மறைந்தார்.

2017 ஆகஸ்ட் 17இல் அத்தகைய இரண்டு மோதிய அலையே வந்தது. 13 கோடி ஒளியாண்டுத் தொலைவு, ஏறத்தாழ 100 நொடி நீளம். மோதி 1.7 நொடியில் காமாக் கதிர் வந்தது. அன்றிரவே தொலைநோக்கிகள் அவ்விடத்தைக் கண்டுகொண்டன. பொன், பிளாட்டினம் போன்ற கன உலோகங்கள் இத்தகைய மோதல்களில் விளைகின்றன என்பதற்கான சான்று அவ்வொளியில் இருந்தது. நம் மகளிர் கழுத்தில் கிடக்கும் பொன்னில் ஒரு பங்கேனும் இவ்வாறு வந்ததாதல் கூடும். ஒன்பது நாள் கழித்து அம்மோதலின் எக்ஸ் கதிரை முதன்முதல் பிடித்தது, 1999இல் விண்ணில் ஏவப்பெற்றுச் சந்திரசேகரின் நினைவாகச் சந்திரா எனப் பெயரிடப்பெற்ற தொலைநோக்கி.

எல்லாம் தெளிந்துவிடவில்லை. 2019 ஆகஸ்ட் 14இல் வந்த அலையில் 23 சூரிய நிறைக் கருந்துளையோடு மோதியது 2.6 சூரிய நிறையுள்ள ஒரு பொருள். நியூட்ரான் விண்மீனாயின் அறிந்தவற்றுள் மிகக் கனமானது. கருந்துளையாயின் மிகச் சிறியவற்றுள் ஒன்று. நியூட்ரான் விண்மீனுக்கும் ஓர் உச்ச நிறை உண்டு. அதன் துல்லியமான எண்ணை இன்னும் எவரும் கூறவில்லை. மராட்டிய மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்து ஔண்டாவில் ஏறத்தாழ 2,600 கோடி ரூபாய்ச் செலவில் லைகோ நிலையம் ஒன்று அமைக்க இந்திய அரசு 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. அது இயங்கும் நாளில் அங்கே பணியாற்றத்தக்க வயதினர் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர்.